ஒரே காதில் இரண்டு

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு 'உண்ணி' என்றே பெயர் விழுந்திருந்தது. மாட்டு உண்ணிகளை இனம் பிரிப்பதுதான் வேலை. அப்படிக் கூப்பிட்டால் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பாள்.

முதுகில் கெட்டி ஓடுள்ள ஒரு வகை, சமவெளியிலிருந்து மலையுச்சி மேய்ச்சல்வரை பரவிக் கிடந்தது. எல்லாம் ஒரே இனம் என்றார்கள். அவளுக்கு அப்படிப் படவில்லை. முன்னங்கால் தொடங்கும் இடத்திலுள்ள முள், சமவெளி உண்ணிக்குக் குட்டை. மலை உண்ணிக்கு நீளம்.

துறைத்தலைவர் ஒப்பவில்லை. "மேல குளிரும்மா. குளிருக்கு உருவம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதுக்குப்போய் தனி இனமா?"

சுருக்கென்றது. ஆனாலும் கேள்வியில் நியாயம் இருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்தாள். குளிர்தான் காரணமென்றால், ஒரே இடத்தில் வளர்பவை ஒரே மாதிரி இருக்க வேண்டும். தனித்தனி இனமென்றால், இரண்டும் அடுத்தடுத்து வாழும் இடம் சரிவின் நடுவே எங்கோ இருந்தாக வேண்டும்.

அவளுடைய அண்ணி மாட்டு டாக்டர். சரிவிலுள்ள தொழுவங்களெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"அண்ணி, என்னையும் கூட்டிட்டுப் போங்களேன்."

"வா. உதை வாங்கினா மட்டும் உங்க அண்ணன்கிட்ட என்னைப் போட்டுக்குடுக்காதே."

முதல் தொழுவத்தில் எல்லாம் குட்டை முள். அடுத்ததிலும் அதே கதை. இன்னும் மேலே ஏறினார்கள். அங்கே ஒரு செவலைப் பசு. அண்ணி கொம்பைப் பிடித்துக்கொள்ள, இவள் காதிலிருந்து ஓர் உண்ணியை எடுத்து, புரட்டி, லென்ஸில் பார்த்தாள். குட்டை. பக்கத்திலேயே ஒட்டியிருந்ததை எடுத்தாள்.

நீளம்!

அவள் போட்ட கூச்சலில் பசு மிரண்டு வாளியை எட்டி உதைத்தது.

"என்னடி, கடிச்சிடுச்சா?"

"அண்ணி! ரெண்டும் இருக்கு! ஒரே காதுல!"

அந்தச் சரிவு முழுக்கச் சேகரித்துக்கொண்டு வந்து, துறைத்தலைவரின் மேசையில் பரப்பினாள். அவர் நுண்ணோக்கியை விட்டு நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டுக்கும் நடுவில, அரைகுறையா ஒண்ணுகூட இல்லையா?"

"சல்லடை போட்டுத் தேடிட்டேன் சார். ஒண்ணுகூட இல்ல."

அவர் எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரெண்டு இனம்தாம்மா. நான்தான் தப்பு. புதுசுக்கு நீயே பேர் வை."

வராந்தாவிலிருந்தே அண்ணிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் அண்ணி போட்ட விசில் வராந்தாவில் போனவர்களுக்கெல்லாம் கேட்டது.

"ஆனா ஒண்ணு. ரத்தம் குடிக்கிற ஜந்துக்கு என் பேரை வெச்சே, வீட்டுப் பக்கம் வந்துடாதே!"

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மேசைக்குத் திரும்பி, உண்ணிகளின் பரவலைக் குறித்த வரைபடத்தை விரித்து, மலையுச்சியிலிருந்து புது இனத்துக்குப் புது வண்ணம் தீட்டத் தொடங்கினாள்.