வெள்ளைப் பன்றி முள்ளங்கி

சைக்ளமென் என்ற பூச்செடிக்குத் துருக்கியின் மெந்தெஷே மலையில் பன்றி முள்ளங்கி என்று பேர். காடு முழுக்கப் பூப்பது இளஞ்சிவப்பு. குல்சூம் வீட்டு ஓக் மர நிழலில் மட்டும் ஒரே ஒரு கிழங்கு வெள்ளையாகப் பூத்தது. பதினெட்டு வருஷத்தில் அது ரொட்டித் தட்டு அகலம் ஆகியிருந்தது. அதன் விதையில் முளைத்த நாற்பது கன்றுகள் இன்னும் பூவே வைக்கவில்லை. தாய் போனால் வெள்ளை போச்சு.

கோடையில் இலை உதிர்ந்து கிழங்கு தூங்கும். மேலே வெறும் தரைதான். குல்சூமின் செத்துப்போன புருஷனின் தம்பி பெகிருக்கு, அடியில் கிழங்கு இருப்பது நன்றாகத் தெரியும். கிழங்கை நசுக்கி ஓடையில் கரைத்தால் மீன் மயங்கி மிதக்கும். காட்டில் போய்த் தோண்டத்தான் அந்தச் சோம்பேறிக்கு முதுகு வளையாது.

சந்தையிலிருந்து திரும்பிய குல்சூம் குழியைப் பார்த்தாள். மண்வெட்டியோடு ஓடைக்கு ஓடினாள். மீன்கள் மல்லாந்து மிதந்தன. கன்றுகளெல்லாம் கூழாகிக் கிடந்தன. பாறைமேல் தாய்க் கிழங்கு. அதற்குமேல் பெகிர் ஓங்கிய கல்.

"நிறுத்துடா நாயே!"

"அட போங்க அண்ணி, பன்னி திங்கிற கிழங்குக்கு இவ்ளோ கூப்பாடா?"

கல் இறங்கியது. அவள் வலது கையைக் குறுக்கே வைத்தாள். மூன்று விரல்கள் முறிந்தன. கிழங்கு தப்பியது.

இடது கையால் மண்வெட்டிக் காம்பை அவன் தாடையில் இறக்கினாள். இரண்டு பல் தெறித்தது. தண்ணீரில் விழுந்தவனின் பிடரியில் ஏறி மிதித்தாள். கால்கள் உதறி உதறி ஓயப் பார்த்தன. கொல்லத்தான் நினைத்தாள். ஆனால் கிழங்கைத் திரும்ப நடக் குழி தோண்ட அவளுக்குக் கை இல்லை. மயிரைப் பிடித்துத் தூக்கினாள்.

"நடடா வீட்டுக்கு."

ஓக் மரத்தடியில் அவன் ரத்தம் துப்பித் துப்பித் தோண்டினான்.

"அண்ணி, உங்க கை... ஆஸ்பத்திரிக்கு..."

"முதல்ல அத வை."

வேரைக் கீழே பார்க்க வைத்தான். முதுகில் விழுந்தது அடி.

"திருப்பி வைடா! இதுக்கு வேர் தலையிலதான். பதினெட்டு வருஷமா பக்கத்து வீட்ல இருந்து என்னத்தடா பாத்த?"

செப்டம்பர் மழை பெய்ததும், இலைக்கு முன்னாலேயே வெள்ளைப் பூ வந்துவிட்டது. குல்சூமின் விரல்கள் கோணலாகவே கூடியிருந்தன. அந்தக் கையால்தான் பூவைச் சுற்றி முள்வேலி கட்டிக்கொண்டிருந்தாள். பெகிர் வந்து நின்றான்.

"நான் கட்டவா, அண்ணி?"

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"ஒரு அடி உள்ள வை, பாப்போம்."

பெகிர் வைக்கவில்லை.