மூன்றாக மடித்த துண்டு

துண்டு மூன்றாக மடிந்திருந்தது. அலமாரிக் கதவைப் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். ஏழு வருஷமாக அந்த வீட்டில் துண்டு நான்காகத்தான் மடியும். மடிக்கிற கை ஒன்றுதான், அவளுடையது. இது வேறு கை. ஓரத்தை உள்ளே செருகி, மூலை பிசகாமல், கடையில் அடுக்கியது போல. வந்தவள் பொறுமைக்காரி.

மடித்தது புருஷனாக இருக்கும் என்ற நினைப்பு அவளுக்குக் கனவிலும் வரவில்லை. குளித்துவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட நின்று, "துண்டு எங்கடி" என்று கத்துகிற ஆள் அவன். காலை எட்டு மணிக்கு அவள் கிளம்பும்போது தேய்த்த சட்டையோடு அவனும் கூடவே படியிறங்குவான். கிடங்கில் பத்துப் பேரை மேய்க்கிற சூப்பர்வைசர். சாயங்காலம் அவளுக்கு முன்பே வந்து டீவி முன்னால் கால் நீட்டியிருப்பான். இப்போதெல்லாம் ஏன் முன்பே வருகிறான் என்பதும் அன்றுதான் உறைத்தது.

மறுநாள் பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தபோது, போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் பத்து நாளாகத் தொங்கிக்கொண்டிருந்த பொத்தான் இறுகியிருப்பதைப் பார்த்தாள். அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என் பட்டனைத் தெச்சிருக்காக்கா."

"எவ?"

"தெரியல. கைவேலை சுத்தமா இருக்கு."

"புருஷனை எடுத்துக்கிட்டுப் பட்டன் தெச்சுக் குடுக்கறாளா? நியாயமானவதான்." அக்கா சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு மத்தியானம் லீவு போடு. நான் கீழே நிக்கறேன். கையும் களவுமா பிடி. பிடிச்சா, பெட்டியைக் கட்டிக்கிட்டு என்கூட வந்துரு."

மறுநாள் உச்சி வெயிலில் ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. வாசலில் அவன் செருப்பு இல்லை. உள்ளே எடுத்து ஒளித்திருப்பான். சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினாள். படுக்கையறையில் அவன் பனியனோடு நின்றிருந்தான். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள்.

"எங்க அவ?"

"எவ?"

"துணி மடிச்சவ."

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். போர்வையின் இரண்டு மூலைகள் அவற்றில் இருந்தன.

"நான்தான். கிடங்கை மூடி மூணு வாரமாச்சு. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுவேன். சும்மா உக்கார முடியல." போர்வையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். "நீ எப்படி மடிப்பேன்னு எனக்குத் தெரியாது."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "பிடிச்சிட்டியாடி?" அக்காவின் குரல்.

அவன் வாசல் பக்கம் திரும்பினான். "உங்க அக்காகிட்ட இதைச் சொல்லிடாத. எவளோ ஒருத்தி இருந்தா, பின்பக்கமா ஓடிட்டான்னு சொல்லு."

"பைத்தியமா உனக்கு?"

"அதுக்கு நாலு நாள் திட்டுவாங்க. இதுக்குக் காலம் பூரா சிரிப்பாங்க."

யோசிக்காமல் சொன்னான். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த பதில் போலிருந்தது. பின்பக்கம் ஒரு கதவு இருப்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. எட்டிப் பார்த்தாள். தாழ்ப்பாள் விலகிக் கிடந்தது. துணி காயப்போடப் போயிருப்பான். போயிருக்கலாம்.

வாசல் கதவு தட்டப்பட்டது. மறுபடியும், இன்னும் பலமாக. அவன் கையில் போர்வையின் இரண்டு மூலைகள். மற்ற இரண்டும் அவள் காலடியில், தரையில் கிடந்தன.