கோச்சாவின் தாழி

சியாலா மேசையில் ஒயினை வைக்கும்போதே சாப்பாட்டுக்கும் உத்தரவு போட்டுவிடுவாள். தோலோடும் விதையோடும் தாழியில் ஊறித் தேன் நிறமாகிவிட்ட ர்காட்சிதெலி ஒயினை, அக்ரூட் விழுதை வைத்துச் சுருட்டிய கத்திரிக்காயோடுதான் குடிக்க வேண்டும். அந்த ஒயினில் உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தின் வாசனை இருக்கும், கூடவே தேயிலைத் துவர்ப்பும் நாக்கைப் பிடிக்கும். அக்ரூட்டின் எண்ணெய் வந்து அதை ஆற்றும். பேரிக்காய் மணக்கும் கீசி ஒயினுக்குப் பூண்டுப் பாலில் வெந்த கோழி. மையாகக் கறுத்த ஸபெராவிக்கு, காய்ந்த திராட்சைக் கொடியை எரித்த தணலில் வாட்டிய பன்றிக்கறி. மாற்றிக் கேட்டால் விருந்தாளி என்றும் பார்க்க மாட்டாள். நகரத்திலிருந்து வந்த ஒருவர் ஸபெராவிக்கு மீன் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது அலாசானி சமவெளி முழுக்கத் தெரிந்த கதை.

அப்படிப்பட்டவள் ஒயின் அறையின் ஒரு மூலைக்கு மட்டும் போவதே இல்லை. அங்கே பழைய சாக்குகளின் அடியில், தரைக்குள் புதைத்த அவள் மகன் கோச்சாவின் தாழி இருந்தது.

கோச்சா பிறந்த வருஷத்து ஒயினை அதில் ஊற்றி, தரைமட்டத்தில் தெரியும் அதன் வாயைக் கல்லால் மூடி, களிமண் பூசி வைத்திருந்தார்கள். அவன் கல்யாணத்தன்று திறக்க வேண்டியது. கல்யாணம் ஆகாமலே பிள்ளை போய்விட்டால், அடக்கம் செய்த அன்றைய சாப்பாட்டில் திறந்து ஊரோடு குடித்துத் தீர்த்துவிட வேண்டும். அதுவரை களிமண் காயக் கூடாது. காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் காற்று புகுந்து ஒயின் புளிக்காடியாகிவிடும். நாள் தவறாமல் தண்ணீர் தெளித்து அதை ஈரமாக வைத்திருப்பது சியாலாவின் வேலை.

கோச்சாவுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. ஒரு கோடை முழுவதும் அவள் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே கிடந்தாள். களிமண் அவள் நினைவிலேயே இல்லை. அடக்கத்தன்று ஒயின் எடுக்க உள்ளே போன அவள் கணவன் மல்காஸ், வெறும் குடத்தோடு திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் சொன்னான்: "களிமண் வெடிச்சிருக்கு. ஒயின் புளிச்சுப்போச்சு."

சாதாரண ஒயினைக் குடித்துவிட்டு ஊர் கலைந்தது. பெற்றவள் செய்ய வேண்டிய கடைசி வேலையைக்கூடச் சரியாகச் செய்யவில்லை என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அவளும் அதை அப்படியே நம்பினாள்.

இது நடந்து ஆறு வருஷம். இப்போது மகள் காத்தியாவுக்குக் கல்யாணம். இந்த வருஷ அறுவடைக்குத் தாழி போதாது. கல்யாணத்துக்கு முன்னால் அந்த மூலையையும் கழுவிவிடுவது என்று சியாலா மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். தாழி தேய்த்துக் கழுவும் செர்ரிப் பட்டைத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்குகளை விலக்கினாள்.

களிமண் ஈரமாக இருந்தது. ஒரு விரிசல் இல்லை. விரலை வைத்தாள், விரல் பதிந்தது.

மல்காஸ் திராட்சைக் கூடையோடு உள்ளே வந்தபோது அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்கு யார் தண்ணி தெளிக்கிறது?"

அவன் கூடையை இறக்கி வைத்தான்.

"உன்னைத்தான் கேக்கிறேன், மல்காஸ்."

"நான்தான்."

"புளிச்சுப்போன ஒயினுக்கா?"

"புளிக்கலை. அந்தக் கோடையிலயும் நான்தான் தெளிச்சேன். அன்னிக்கு நான் கல்லைத் தொடவே இல்லை, சியாலா. கை வரலை. இதைத் திறந்து ஊத்திட்டா அவன் போனது முடிவாயிடும்னு இருந்துச்சு. வெளியே வந்து வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"உன் வாயில வந்தது என் தலையில விழுந்துச்சு."

"உன் பேரை நான் எடுக்கவே இல்லையே."

"களிமண் யாரு வேலைன்னு மேசையில இருந்தவங்களுக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவை அவனுக்காக மெழுகுவத்தி ஏத்தும்போதும் அவன்கிட்ட நான் என்ன சொல்றேன்னு தெரியுமா உனக்கு? மன்னிச்சுக்கோப்பான்னு சொல்றேன். வேற ஒரு வார்த்தை பேசினதில்லை அவன்கிட்ட."

அது மல்காஸுக்குத் தெரியாது. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. தன் துக்கத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதவன், அவ்வளவுதான். ஆனால் ஒரே வீட்டில் ஒரே துக்கத்தோடு இருப்பவளை ஆறு வருஷம் பார்க்காமல் இருப்பதும் சின்னக் குற்றம் இல்லை.

"ஞாயித்துக்கிழமை, அவன் பெட்டியைத் தூக்கினவங்களை எல்லாம் கூப்பிடு. கோப்பையைத் தூக்கி மேசைக்குப் பேசற தமடா நீதான். தாழியைத் திறந்து ஊத்திட்டு, எழுந்து நின்னு நீயே சொல்லு."

"கல்யாணத்தை வச்சுக்கிட்டா? ஊர் என்ன பேசும்?"

"என்னைப் பேசின ஊர்தானே. உன்னையும் ஒரு நாள் பேசட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஆட்டுக்கறி போட்டுக் குழைத்த சோறும், கொத்தமல்லி போட்ட சிவப்புப் பீன்ஸும் வந்தன. பக்கத்துத் தோட்டத்து உஷாங்கி ஒரு பார்வையிலேயே கண்டுகொண்டார்.

"என்ன அண்ணி, கல்யாண வீட்டுல சாவுச் சாப்பாடு போடறே?"

"உக்காரு. உங்க அண்ணன் சொல்வான்."

முதல் கோப்பையோடு மல்காஸ் எழுந்தான். ஊரில் பேச்சுக்குப் பேர் போன தமடா அவன். அன்றைக்கு அலங்காரம் எதுவும் இல்லாமல் சொன்னான்.

"இது கோச்சாவோட ஒயின். என் பெண்டாட்டி பூசின களிமண் என்னிக்கும் வெடிக்கலை. வெடிச்சுதுன்னு நான் பொய் சொன்னேன். என் மகனை விட மனசில்லாம சொன்னேன். பழி இவ மேல விழுந்துச்சு. எனக்கு அது தெரியக்கூட இல்லை." அவன் சியாலாவின் பக்கம் திரும்பினான். "நீ என்னை மன்னிக்கணும்னு கேக்க மாட்டேன். இவங்களுக்குத் தெரியணும்."

உஷாங்கி எழுந்தார். ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்தார்கள். இறந்தவருக்குக் குடிக்கும்போது கோப்பைகளை மோதுவதில்லை. முதல் துளிகளை ரொட்டியில் விட்டுவிட்டுக் குடித்தார்கள். ஒயின் பழந்தேன் நிறத்தில் இருந்தது. காய்ந்த அத்தியும் பச்சை அக்ரூட் தோலும் மணத்தன. விழுங்கிய பிறகு லேசான கசப்பு வெகுநேரம் நின்றது.

உஷாங்கி மீசையைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ வருஷப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது. "இதுக்கு எதைச் சாப்பிடணும், அண்ணி?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சோறும் பீன்ஸும் ஆறிக்கொண்டிருந்தன. சியாலா இன்னொரு மிடறு குடித்துப் பார்த்தாள்.

"ரொட்டி," என்றாள். "வெறும் ரொட்டி போதும்."

தன் கோப்பையிலிருந்து ரொட்டித் துண்டின் மேல் சில துளிகள் விட்டாள். அது உறிஞ்சிக்கொள்ளும்வரை பார்த்திருந்தாள். அன்றைக்கு அவள் கோச்சாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

"உன் ஒயின் நல்லா வந்திருக்குப்பா," என்றாள்.