நிரஞ்சலா படித்த விதம்

தனுஷா தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தவறியது அந்த உடற்கூற்றுப் பரீட்சையில்தான். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் அவள் பெயர் வகுப்பின் முதல் மூன்று பேருக்குள் வராத தவணை கிடையாது. கனடாவின் மொன்றியலுக்கு வந்து, பிரெஞ்சு படித்து முடித்து, முப்பத்தாறு வயதில் துணைத் தாதிப் பயிற்சியில் இடம் கிடைத்தபோதும் அவளுக்குப் பயம் வரவில்லை. எதுக்கு வராவிட்டாலும் படிப்புக்குத் தனக்கு மூளை வரும் என்று கணவன் ஆரூரனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

உடற்கூற்றுப் பாடப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் நிறம் பூசினாள். நோய்களுக்கு இளஞ்சிவப்பு, மருந்துகளுக்குப் பச்சை, உறுப்புகளின் பெயர்களுக்கு நீலம். கடைசியில் நிறம் படாத வரிகளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பரீட்சைக்கு முந்தைய கிழமை சரியாக நித்திரை கொள்ளவுமில்லை.

பரீட்சை மண்டபத்தில் கேள்விகளைப் பார்த்தால் எல்லாமே தெரிந்த முகங்களாக இருந்தன. விடை பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது, எந்த நிறத்தில் இருந்தது என்பதுகூட ஞாபகம் வந்தது. அங்கே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரவில்லை.

அந்தப் பரீட்சையில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எடுத்தவள் நிரஞ்சலா. மட்டக்களப்புக்காரி, கடைசி வரிசையில் யன்னலோரம் இருப்பவள். அவளுடைய புத்தகத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது. தனுஷா அதைக் கண்டு, இவள் புத்தகத்தைத் திறப்பதே இல்லை என்றுதான் நினைத்திருந்தாள். இருவரும் செயின்ட்-மிஷேல் நிலையத்தில் ஒரே மெட்ரோவில்தான் ஏறுவார்கள். மற்ற மாணவர்கள் மடியில் குறிப்புகளை விரித்து வைத்து முணுமுணுக்க, நிரஞ்சலா மூடிய புத்தகத்தின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, இருட்டு யன்னலைப் பார்த்தபடி உதடுகளை அசைத்துக்கொண்டிருப்பாள். தனுஷா அவளைப் பக்தியான கிறிஸ்தவப் பெண் என்று எண்ணி, குறுக்கே பேசாமல் இருந்துவந்தாள்.

பெறுபேறு வந்த மறுநாள் தனுஷாவால் அடக்க முடியவில்லை. மெட்ரோவில் நிரஞ்சலாவின் பக்கத்தில் போய் அமர்ந்தாள்.

"குறை நினைக்காதையும். நீர் ஒவ்வொரு நாளும் செபமோ சொல்லுறனீர்?"

நிரஞ்சலா திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "செபமா? இல்லகா. நான் கணையத்தத் தேடிக்கிட்டு இருக்கன். நேத்துப் படிச்ச. எங்க வைச்ச எண்டு தெரியல்ல."

"புத்தகம் மடியிலதானே இருக்கு? திறந்து பார்க்கலாமே?"

"பாக்கலாம். ஆனா சோதினையில புத்தகம் மடியில இருக்காதே."

தனுஷாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் நிரஞ்சலா குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கணையத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அடுத்த நிலையம் வந்தபோது, "இரைப்பைக்குப் பின்னால!" என்று பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். பிறகுதான் புத்தகத்தைத் திறந்து, சரிதானா என்று பார்த்துவிட்டு மூடினாள்.

சனிக்கிழமைகளில் இருவரும் நூலகத்தில் சேர்ந்து படிப்பதென்று முடிவானது. முதல் சனிக்கிழமை நிரஞ்சலா ஒரு வெள்ளைத் தாளைத் தனுஷாவின் முன் வைத்தாள்.

"சிறுநீரகத்தப் பத்தித் தெரிஞ்ச எல்லாத்தையும் எழுதுங்க. படமும் கீறலாம். புத்தகம் என்னட்ட இருக்கட்டும்."

முதல் நாள் இரவுதான் தனுஷா அந்தப் பாடத்தை முழுதாக வாசித்திருந்தாள். பேனாவை எடுத்தாள். நாலைந்து வரி வந்தது. ஒரு படம் கீறினாள். அது முந்திரிப்பருப்பு மாதிரி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தாளின் பெரும்பகுதி வெள்ளையாகவே கிடந்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

"எனக்கு ஒண்டுமே தெரியேல்லை" என்றாள்.

"தெரியாதது எது எண்டு இப்பத் தெரியுந்தானே? அத மட்டும் படிச்சாப் போதும். தெரிஞ்சதையே திருப்பித் திருப்பி வாசிச்சா மனசுக்குச் சுகமா இருக்கும். ஆனா புதுசா ஒண்டும் ஏறாது."

நிரஞ்சலாவிடம் வேறு வழிகளும் இருந்தன. பழைய வாழ்த்து அட்டைகளை வெட்டி, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையுமாக எழுதி வைத்திருந்தாள். சரியாகச் சொன்ன அட்டை யோகட் டப்பாவுக்குப் போகும். அதைக் கிழமைக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும். பிழையாகச் சொன்ன அட்டை பிஸ்கட் தகரத்தில் இருக்கும். அது ஒவ்வொரு நாளும் வெளியே வரும். யோகட் டப்பாவில் இருந்து ஒன்று பிழையானால் இரக்கம் பார்க்காமல் மறுபடி தகரத்துக்குள் போடுவாள். ஒரே பாடத்தை நாள் முழுக்கப் படிக்க மாட்டாள். எலும்பு கொஞ்சம், மருந்தளவு கொஞ்சம் என்று கலந்து வைப்பாள்.

இதயத்தின் வழியாக இரத்தம் போகும் பாதை தனுஷாவுக்கு எப்போதும் குழம்பும். நிரஞ்சலா அதை மெட்ரோவில் ஏற்றிவிட்டிருந்தாள். "செயின்ட்-மிஷேலில நாம ஏறுறம், உடம்பு முழுக்கச் சுத்திக் களைச்சுப்போன இரத்தம் மாதிரி. அடுத்த நிலையம் டிபெர்வில், அது வலது சோணையறை, மேல் அறை. ஃபாப்ர் வால்வு. ஜோன்-தலோன் வலது இதயவறை, கீழ் அறை. அங்க சனம் நெருக்கித் தள்ளுமே, அந்த மாதிரித் தள்ளும். தள்ளினா எங்க போகும்?"

"நுரையீரலுக்கு."

"அதுதான் பார்க் நிலையம். பார்க் எண்டா பூங்கா. பூங்காவில காத்து வாங்கலாம்."

தனுஷா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு அந்தப் பாதை குழம்பியதே இல்லை. எந்தக் கவலையோடு மெட்ரோவில் ஏறினாலும் பார்க் நிலையம் வரும்போது அவளையறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது.

"இதெல்லாம் எங்க பழகினனீர்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பிரெஞ்சு வகுப்பில ரெண்டு தரம் பெயில் விட்டுப் பழகின" என்றாள் நிரஞ்சலா. பிரெஞ்சு படித்த குளிர்காலத்தில் அவள் பஸ் தரிப்பில் நின்று படிக்கப் பார்த்திருக்கிறாள். கையுறையோடு பக்கம் புரட்ட முடியவில்லை. கழற்றினால் விரல் விறைத்தது. வேறு வழியில்லாமல் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, முதல் நாள் படித்ததை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வீட்டில் சூடாக இருந்து வாசித்த சொற்கள் பறந்துபோக, பஸ் தரிப்பில் தேடிப் பிடித்த சொற்கள் மட்டும் நிலைத்து நின்றன. "அப்பதான் யோசிச்ச, வாசிக்கிற நேரம் இல்லகா, தேடுற நேரத்திலதான் மூளை வேல செய்யிது எண்டு."

இதை அவள் ஏதோ சமையல் குறிப்புச் சொல்வதுபோலச் சொன்னாள். தனுஷாவோ அன்று வீட்டுக்குப் போய், சோறு போட்டபடியே ஆரூரனிடம் அந்தக் கதையை முழுதாகச் சொன்னாள். தான் இரண்டு தரம் தவறியிருந்தால் வகுப்பை விட்டிருப்பேன் என்றும், நிரஞ்சலா விடாமல் தன் மூளையையே உட்கார வைத்து விசாரித்திருக்கிறாள் என்றும் சொன்னாள்.

உடற்கூற்று மறுபரீட்சையில் தனுஷா நல்ல புள்ளியோடு தேறினாள். ஆனால் அடுத்த பரீட்சை, எல்லோரும் பயந்த மருந்தியல், நெருங்கியபோது நிரஞ்சலாவின் சின்ன மகளுக்கு அம்மை போட்டது. கணவன் ஜோன்சன் டவுன்டவுனில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. முக்கியமான பாடங்கள் நடந்த இரண்டு கிழமையும் நிரஞ்சலா வகுப்புக்கு வரவில்லை.

தனுஷா சிறுவயதில் அம்மை கண்டவள். மாலையில் வகுப்பு முடிந்ததும் நேரே நிரஞ்சலாவின் வீட்டுக்குப் போனாள். முதல் நாள் குறிப்புகளை நீட்டியபோது நிரஞ்சலா வாங்கவில்லை.

"பொறகு பாக்கிறன். முதல்ல நீங்க சொல்லுங்க. நான் ஒண்டும் தெரியாத ஆள் எண்டு நினைச்சுச் சொல்லுங்க."

ஒரு கையால் மகளுக்கு மருந்து பூசியபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏன் அந்த மருந்தச் சாப்பாட்டுக்கு முன்னால குடுக்கிற?" என்றாள். தனுஷாவுக்குத் தெரியவில்லை, வகுப்பில் தலையாட்டியிருந்தாள், அவ்வளவுதான். அடுத்த நாள் ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். இப்படிச் சொல்லச் சொல்ல, குறிப்பைப் பார்க்காமலே ஒரு பாடத்தை முழுதாகத் தன்னால் விளக்க முடிகிறது என்று அவளுக்கே ஒருநாள் தெரிந்தது.

மருந்தியலில் தனுஷா தேறினாள். நிரஞ்சலா தவறிவிட்டாள். கொஞ்சப் புள்ளிதான் குறைவு.

தனுஷாவுக்குத் தன் புள்ளியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் பள்ளி முழுக்கத் தேடி, கடைசியில் சிற்றுண்டிச்சாலையின் மூலையில் அவளைக் கண்டுபிடித்தாள். கண்கள் சிவந்திருந்தன. முன்னால் ஒரு வெள்ளைத் தாள். அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நிரஞ்சலா... என்னப்பா செய்யிறீர்?"

"அழுது முடிஞ்சிது. கழிவறையில. இப்ப எங்கெங்க பிழை விட்ட எண்டு எழுதுறன். சூடு ஆற முன்னம் எழுதினாத்தான் சரியா வரும்." தாளைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்க, மருந்து எனக்குத் தெரியும். அளவு கணக்குத்தான் பிழைச்சிருக்கு. அதுவும் சொட்டுக் கணக்கு மட்டும், சேலைன் நிமிசத்துக்கு எத்தினை சொட்டு எண்டுறது."

தோற்றுப்போன காகிதத்தை ஒருத்தி இவ்வளவு ஆவலோடு பார்ப்பாள் என்று தனுஷா நினைத்ததில்லை. தான் தவறிய அன்று வினாத்தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டது அவளுக்கு நினைவு வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு, "சொட்டுக் கணக்கு எனக்கு வரும். வாரும், ஒண்டு சொல்லுறன், நீர் செய்யும்" என்றாள்.

மறுபரீட்சை வரையான மூன்று கிழமையும் அவர்கள் வேறொன்றும் படிக்கவில்லை. மெட்ரோவிலும் சொட்டுக் கணக்கு, நூலகத்திலும் சொட்டுக் கணக்கு. ஒரே மாதிரிக் கணக்கு இரண்டு வந்தால் நிரஞ்சலா கோபித்தாள்: "இது நேத்துச் செஞ்சது. மாத்திக் கேளுங்க." பரீட்சைக்கு முதல் நாள், ஒன்பது மணிக்கே படுக்கப் போகிறேன் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுபரீட்சை அன்று தனுஷா மண்டபத்துக்கு வெளியே காத்திருந்தாள். நிரஞ்சலா வெளியே வந்தாள்; மர வாங்கில் அமர்ந்து, பையில் இருந்து பேனாவை எடுத்தாள்.

"இனி விடுமப்பா! முடிஞ்சுதுதானே?"

"ரெண்டு கேள்வியில சந்தேகம். எழுதி வச்சிட்டு வாறன்."

"பாஸ் எண்டால் அது தேவையில்லையே?"

நிரஞ்சலா நிமிர்ந்து பார்த்தாள். "ஆசுபத்திரியில நோயாளிக்குச் சேலைன் ஏத்தக்குள்ள, நான் பாஸ் பண்ணின ஆள் எண்டு சொல்லேலுமா? சொட்டு எத்தினை எண்டு தெரியணுமேகா."

சிறுவயதில் இருந்து தனுஷா எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறாள். புள்ளி வந்ததும் புத்தகத்தைத் தூக்கி எறிந்தவர்கள்தான் எல்லோரும். அவளும் அவர்களில் ஒருத்தி. பக்கத்தில் அமர்ந்து, நிரஞ்சலா எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிரஞ்சலா தேறினாள். பெறுபேறு வந்த மாலை ஆரூரன் புவாண்ட்-கிளேரில் களஞ்சியசாலை வேலை முடிந்து வந்ததும் தனுஷா வாசலிலேயே செய்தியைச் சொன்னாள். அவன் சப்பாத்தைக் கழற்றியபடி, "நீ பாஸ் பண்ணின அண்டுகூட இப்பிடிச் சந்தோசப்படேல்லையே?" என்றான்.

"ஓம்" என்றாள் தனுஷா. "அவ பாஸ் பண்ணினதுக்கு மட்டுமில்லை. நாளைக்கு எனக்கொரு வருத்தம் வந்து ஆசுபத்திரியில கிடந்தால், அவதான் வந்து ஊசி போடவேணும் எண்டு ஆசையாக் கிடக்கு."