ஒன்பதடி உயரத்தில் ஆட்லி குளம்

1963 ஜூன் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகாலுக்கு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் ஆட்லி ஊர் நீச்சல் குளத்திலிருந்த தண்ணீர் முழுவதும் குளத்தை விட்டு எழுந்து, தரையிலிருந்து ஒன்பதடி உயரத்தில் போய் நின்றது. நூறடி நீளம், நாற்பதடி அகலம். ஆழமான பக்கம் எட்டடி, ஆழமில்லாத பக்கம் மூன்றடி. ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்போது அங்கே இருந்தவர்கள் கான்கிரீட் லாரி ஓட்டுநர்கள் நான்கு பேர், மேஸ்திரி ராய்ஸ் கிரிம்ஸ்லி, நகரசபை எழுத்தர் ஒருவர். எழுத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டார். அடித்த கோட்டுக்கு அடியில் எழுத்து இன்றைக்கும் படிக்கிற மாதிரி இருக்கிறது.

லாரிகள் வந்ததற்குக் காரணம் இதுதான். அந்த வருடம் வசந்த காலத்தில் நீதிமன்றம், ஊர்க் குளம் ஊர் மக்கள் எல்லாருக்கும் பொது, வெள்ளைக்காரர் மட்டும் குளிக்கிற வழக்கம் இனி செல்லாது என்று சொல்லிவிட்டது. நகரசபை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசி, குளத்தைக் கான்கிரீட் போட்டு மூடிவிடுவது என்று ஒருமனதாக முடிவெடுத்தது. தன் பிள்ளைக்கு இல்லாமல் போனாலும் பரவாயில்லை, அடுத்தவன் பிள்ளைக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று கணக்குப் போட்ட ஊர்கள் அந்தக் காலத்தில் தெற்கே பல உண்டு. ஆட்லியில் தண்ணீருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ராய்ஸ் கிரிம்ஸ்லி தலைக்கு மேலே நின்ற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கலவை இறுகிவிடும் என்று ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள். காலிக் குழியில் கான்கிரீட்டைக் கொட்டச் சொன்னார். ஆகஸ்டுக்குள் அதன்மேல் கோடு போட்டு, நாற்பத்து நான்கு கார்கள் நிறுத்த இடம் செய்துவிட்டார்கள்.

ஆட்லியில் நல்ல வளர்ப்பு என்பதற்கு அர்த்தம், சங்கடமான விஷயத்தைப் பேச்சில் எடுக்காமல் இருப்பது. வெள்ளைக்காரர்கள் அந்த வளர்ப்பின்படி மேலே பார்ப்பதை விட்டார்கள். வெயில் நேரத்தில் கார்களின் மேல் நீல வெளிச்சம் நெளிந்தது. அது ஏதோ ஜன்னலின் பிரதிபலிப்பு என்றார்கள். ஜூலை மத்தியானத்தில் கண்ணாடியில் சொட்டு விழுந்தது, அது பனி என்றார்கள். கேட்ட பிள்ளைகளுக்கு "கீழ பார்த்து நட" என்று பதில் கிடைத்தது. தலையைக் குனிந்தே நடந்ததில் ஊர் முழுக்கக் கழுத்துவலி கண்டு, கழுத்தெலும்பு வைத்தியர் ஒருவர் அட்லாண்டாவிலிருந்து வந்து குடியேறி, இரண்டு வீடு கட்டினார். கறுப்பர்கள் மேலே பார்த்தார்கள். அவர்கள் அந்தக் குளத்தை அதுவரை கம்பி வேலி வழியாகத்தான் பார்த்திருந்தார்கள், இப்போது எந்தத் தெருவிலிருந்தும் பார்க்க முடிந்தது. ஆனால் அந்த இடத்தில் சும்மா நின்றால் போலீஸ் பிடிக்கும் என்பதால் நடந்துகொண்டே பார்த்தார்கள்.

வசதியுள்ள வெள்ளைக்காரர்கள் ஊருக்கு வெளியே டாக்வுட் கிளப் என்று ஒன்று கட்டி, உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டி, அங்கே தங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தார்கள். வசதியில்லாத வெள்ளைக்காரர்களும் கறுப்பர்கள் எல்லாரும் ஆற்றுக்குப் போனார்கள். ஆறு ஐம்பத்தெட்டு வருடத்தில் பத்தொன்பது பேரைக் கொண்டுபோனது. முதலில் போனவன் ரூஃபஸ் டாகெட், கறுப்பர் தெருப் பையன், பன்னிரண்டு வயது, குளத்தை மூடிய அதே வருடம் ஆகஸ்டில். கரையில் அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் அவன் தங்கை ஓடெஸா. அவளுக்கு எட்டு வயது. அன்றைக்குப் பிறகு ஓடெஸா கணுக்காலுக்கு மேல் எந்தத் தண்ணீரிலும் இறங்கியதில்லை. பெரியவளாகி, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநராகி, முப்பத்து நான்கு வருடம் தினமும் இரண்டு தடவை அந்தத் தண்ணீருக்கு அடியிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். தினமும் இரண்டு தடவை மேலே பார்த்தாள். அவளுக்கு ஒரே ஆசைதான்: ரூஃபஸுக்குக் கிடைக்காத அந்தக் குளத்தில் ஒருமுறை தான் இறங்க வேண்டும். ஓய்வு பெறும்வரை அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் கோடைக்கு ஓர் அங்குலம் வற்றிக்கொண்டே வந்தது. 2021-இல் ஆழமில்லாத பக்கம் வெறும் காற்றாகி, எட்டடி இருந்த இடத்தில் மூன்றடிக்குக் கொஞ்சம் மேலேதான் மிச்சமிருந்தது. ஓடெஸாவுக்கும் அறுபத்தாறு வயதாகிவிட்டது, முழங்கால் தேய்ந்துகொண்டிருந்தது. ஏணி ஏற முடிகிற வருடங்கள் இன்னும் எத்தனை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அவள் நகரசபைக்கு மனுப் போட்டாள். கார் நிறுத்துமிடத்தில் ஏணி வைக்க அனுமதி வேண்டும். காரணம், மேலே உள்ள தண்ணீரில் குளிப்பது. பதினைந்து நாளில் மரியாதையான பதில் வந்தது. அந்த இடத்துக்கு மேலே தண்ணீர் எதுவும் இருப்பதாக ஆவணம் இல்லை. நேரில் அறிந்த ஒருவர் சாட்சி சொன்னால் பரிசீலிக்கப்படும். கறுப்பர் தெருவிலிருந்து எழுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களில் யாரும் அந்தத் தண்ணீரில் இறங்கியதில்லை என்பதால் நேரில் அறிந்தவர்களாகக் கொள்ள முடியாது என்று இன்னொரு பதில் வந்தது. அதுவும் மரியாதையாகத்தான் இருந்தது. ஆக, ஓடெஸாவுக்குத் தேவைப்பட்டது அந்தக் குளத்தில் நீந்திய ஒரு வெள்ளைக்காரர்.

அந்த வருடம் மெதடிஸ்ட் தேவாலயத்தின் நிலவறையில் வியாழக்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடந்தது. நிறத்தைப் பற்றி ஒவ்வொருவரும் தன் அனுபவத்தை மனம்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. வெள்ளைக்காரர்கள் இருபது பேர், கறுப்பர்கள் நான்கு பேர், மசாலா முட்டை ஒரு தட்டு, சீஸ் போட்ட மக்ரோனி ஒரு பெரிய பாத்திரம். வாரத்துக்கு ஒருவராவது அழுதார். அழுதவர் வெள்ளைக்காரராகவும், கைக்குட்டை எடுத்துக் கொடுத்துத் தேற்றியவர் கறுப்பராகவும் இருந்தது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை. ஓடெஸா பதினான்கு வியாழக்கிழமை பொறுமையாக மக்ரோனி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் ஹார்லன் என்கிற பழைய பஞ்சாலைத் தொழிலாளிக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெள்ளைக்காரனுக்குச் சலுகை சலுகைங்கிறீங்களே, எனக்கு என்னய்யா சலுகை? பதினாலு வயசுல மில்லுக்குப் போனவன் நான். நுரையீரல் பூராப் பஞ்சு."

"உண்மைதான் ஹார்லன்," என்றாள் ஓடெஸா. "உங்களை உள்ள சேர்த்துக்கிட்டாங்க. எங்கப்பாவை வாசல் கூட்டத்தான் வெச்சாங்க. அவருக்கும் நெஞ்சுல பஞ்சு போச்சு, சம்பளம்தான் பாதி."

ஹார்லன் இன்னொரு முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அந்தக் கூட்டத்தில் நடந்த முதல் உருப்படியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்துப் பேசியவள் நெல்டா கிரிம்ஸ்லி. மேஸ்திரி ராய்ஸின் மகள், ஓடெஸாவைவிட ஒரு வயது மூத்தவள். டாக்வுட் கிளப்பில் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியவள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, "வானத்தைப் பாரு, தொப்புளைத் தூக்கு" என்று அவள் மிதக்க வைத்த பிள்ளைகள் இரண்டாயிரம் பேருக்குக் குறையாது. ஊர்க் குளத்தை மூடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அதில் கடைசியாக நீந்தியவர்களில் உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். ஓடெஸா பதினான்கு வாரமாகக் காத்திருந்தது அவள் வாய் திறப்பதற்காகத்தான்.

"நான் நிறமே பார்க்கறதில்லைப்பா," என்றாள் நெல்டா. "கறுப்போ, வெள்ளையோ, ஊதாவோ, எனக்கு எல்லாரும் ஒண்ணு. ஓடெஸா, உனக்கே தெரியுமே."

"ஊதா ஆளை நான் இன்னும் பார்த்ததில்லை, மிஸ் நெல்டா. அது கிடக்கட்டும். நிறம் தெரியாட்டிப் போகுது, கார் நிறுத்துற இடத்துக்கு மேல நிக்கிற தண்ணி உங்களுக்குத் தெரியுதா?"

நெல்டா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த மூன்று வியாழக்கிழமை வரவில்லை. அவளுக்குக் கஷ்டமாக இருந்தது தண்ணீரால் அல்ல, அப்பாவால். கான்கிரீட் கொட்டிய அன்று மத்தியானம் ராய்ஸ் பூட்ஸில் சிமெண்டோடு வீட்டுக்கு வந்து, ஒன்பது வயதுப் பெண்ணை மடியில் உட்கார வைத்து, "மேல பார்க்காதே கண்ணு, அப்பாவுக்குச் சத்தியம் பண்ணு" என்று சத்தியம் வாங்கியிருந்தார். அதற்கப்புறம் சாகிறவரை அவர் தொட்டியில் இறங்கிக் குளிக்கவில்லை, துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொள்வார். நெல்டா அவரை உயிராக நேசித்தாள். அவர் மோசமானவர் இல்லை. ஆனால் அவர் என்ன பார்த்தார், பார்த்துவிட்டு என்ன செய்தார் என்பது அவளுக்கு ஐம்பத்தெட்டு வருடமாகத் தெரியும்.

மனு மீதான கடைசி விசாரணை செப்டம்பர் முதல் செவ்வாய், காலை பத்து மணிக்கு. நகரசபைத் தலைவர், "தங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் இல்லை என்று முடியும் என்பது ஊருக்கே தெரியும். "சாட்சி யாராவது உண்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாளைப் புரட்டினார். பின்வரிசையில் நெல்டா எழுந்து நின்றாள். பிறகு கழுத்தை மெதுவாக நிமிர்த்தி, ஜன்னல் வழியாக மேலே பார்த்தாள்.

"இருக்கு," என்றாள். "தண்ணி இருக்கு. மேற்குப் பக்கம் ஆழம். நான் அதுல நீந்தியிருக்கேன். எங்கப்பா கான்கிரீட் கொட்ட வந்தப்ப அது எழுந்து மேல போயிடுச்சு, அவரு கண்ணால பார்த்தாரு, பார்த்துட்டும் கொட்டினாரு. எனக்கு நீச்சல் தெரியும், அதுல சம்பாதிச்சு சாப்பிட்டேன். மிஸ் ஓடெஸாவோட அண்ணனுக்குத் தெரியலை. இதுல நான் சாமர்த்தியசாலி, அவன் முட்டாள்னு ஒண்ணும் கிடையாது. எனக்குக் குளத்தைக் கொடுத்தாங்க, அவனுக்கு ஆத்தைக் கொடுத்தாங்க. அவ்வளவுதான். எழுதிக்கங்க."

எழுத்தர் எழுதிக்கொண்டார். அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதில் மேசையிலிருந்த காகிதங்கள் பறந்து விழுந்தன. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தன் கார்மேல் அது இருபது வருடமாகச் சொட்டுகிறது என்று ஒத்துக்கொண்டார். ஒரு கிழவர், சின்ன வயதில் அதன்மேல் கல்லெறிந்ததாகவும், வட்டம் வட்டமாக அலை போனதை யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்ததாகவும் சொல்லி அழுதார். எல்லாரும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான கழுத்துகள் சொடக்கிட்ட சத்தம் இரண்டு தெரு தள்ளிக் கேட்டது. கழுத்தெலும்பு வைத்தியரின் மகன் அந்த வருடமே கடையைக் காலி செய்தான். யாருக்கும் அவன்மேல் வருத்தமில்லை.

மறுநாளே தீயணைப்பு நிலையத்து ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்கள். மஞ்சள் பூப்போட்ட நீச்சல் உடையும், முடி நனையாமல் ஒரு பிளாஸ்டிக் தொப்பியுமாக ஓடெஸா ஏறினாள். நெல்டா முன்னாலேயே ஏறி, தண்ணீரின் அடிப்பரப்பு ஆளைத் தாங்குகிறதா என்று குதித்துப் பார்த்திருந்தாள். ஏணியின் மேல் கட்டையில் உட்கார்ந்து ஓடெஸா தண்ணீரில் காலை விட்டாள். ஆற்றங்கரையில் அந்தச் சட்டை எவ்வளவு லேசாக இருந்தது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. நெல்டா அவள் இடுப்புக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு விசும்ப ஆரம்பித்தாள்.

"என்னை மன்னிச்சுருங்க. எங்கப்பா பண்ணினதுக்கு, நான் வாய மூடிட்டு இருந்ததுக்கு, எல்லாத்துக்கும்..."

"அழுகையை அப்புறம் வெச்சுக்க நெல்டா. நான் முங்கிருவேன் போல இருக்கு. கையை ஒழுங்கா வை."

நெல்டா ஒழுங்காக வைத்தாள். கால் மணி நேரம் கழித்து ஓடெஸா, "கையை எடுடி" என்றாள். எடுத்தாள். கீழே நின்றவர்களுக்கு நீலத்தின் நடுவே மஞ்சள் பூக்கள் தெரிந்தன, அவை விழவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஓடெஸா காலை ஊன்றி எழுந்து நின்றாள். தண்ணீர் அவள் இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம்தான் வந்தது. அதைக் குனிந்து பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "ஏண்டி, இதுக்குத்தானா?"

முதலில் சிரித்தது ஓடெஸாதான். அந்தச் சிரிப்பு நடுவில் அழுகையாகி, அழுகை திரும்பச் சிரிப்பாகி, கடைசியில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்று இரவு ஐம்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஆற்றைக் கனவு காணாமல் தூங்கியதாக ஓடெஸா சொல்லியிருக்கிறாள்.

இப்போது தீயணைப்புக்காரர்கள் சனிக்கிழமைதோறும் குழாய் போட்டு ஊற்றுகிறார்கள், ஆழமில்லாத பக்கமும் நிரம்பிவிட்டது. ஏணிக்குப் பதில் கைப்பிடி வைத்த படி வந்திருக்கிறது. நெல்டா சனிக்கிழமையிலும் அங்கே நீச்சல் பழக்குகிறாள், காசு வாங்குவதில்லை. ஹார்லன் எழுபத்தெட்டு வயதில் முதுகு நீச்சல் கற்றுக்கொண்டார். ஆறு இரண்டு கோடையாக ஒருவரையும் கொண்டுபோகவில்லை. நெடுஞ்சாலையில் போகிற வெளியூர்க்காரர்கள் சில சமயம் காரை ஓரம் கட்டிவிட்டு, தலைக்கு மேலே நீந்துகிற பிள்ளைகளைப் பார்த்து வாய்பிளந்து நிற்பார்கள். படிக்கட்டு அடியில் நாற்காலி போட்டுச் சீட்டுக் கிழிப்பவள் ஓடெஸா. அது என்ன என்று கேட்டால், ஊர்க் குளம் என்பாள். யார் வேண்டுமானாலும் இறங்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்களை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு இறங்கணும்," என்கிறாள். "வேற ஒண்ணும் இல்லை."