ஒரு விலாசத்துக்கு ஒரு சீட்டு

மாத்தளை டவுனில் நடந்த மாலை வகுப்பில் ஜெனிஸ்டாவுக்குக் கிடைத்த வேலை, பஸ் சீட்டு பதிவு செய்யும் புது வெப்சைட் ஒன்றில் பிழை பிடிப்பது. நல்ல பிழையாகப் பிடித்துக் காட்டும் ஒருவருக்குக் கண்டியில் பயிற்சி வேலை என்று வகுப்பு எடுக்கும் மபாஸா மிஸ் சொல்லியிருந்தார். தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே காலம் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தவள், அந்த வேலையை மனதில் முடிந்து வைத்திருந்தாள்.

ஆனால் அவள் பதிந்த சீட்டு நிலைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், அவள் பெயர் இருந்த இடத்தில் கிறிஷாந்தின் பெயர். கிறிஷாந்த் அவளுடைய தோட்டத்துப் பையன். பக்கத்து கம்ப்யூட்டரில் இருப்பவன். வீடு திரும்பும் பஸ்ஸில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடிப்பவன்.

முதலில் தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். தப்பாக அழுத்திவிட்டேனோ? மறுபடி பதிந்தாள். மறுபடியும் அவன் பெயர். பாஸ்வேர்டை மாற்றி, ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் தட்டினாள். பயனில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது மிஸ்ஸின் முதல் பாடம். காய்ச்சலென்று கிறிஷாந்த் வராத அன்று அவள் பெயர் அப்படியே நின்றது. வேறென்ன சாட்சி வேண்டும்?

"கிறிஷாந்த் என் கணக்குக்குள்ள பூந்து அழிக்கிறான் மிஸ்."

மிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவரும் ஒங்களப் பத்தி இதத்தான் சொன்னாரு."

என்னையா? ஜெனிஸ்டா தன் இடத்துக்குத் திரும்பி, தன்னுடைய பதிவு, கிறிஷாந்துடையது, வகுப்பில் கூடப் படிக்கும் அஸ்ராவுடையது மூன்றையும் வைத்துப் பார்த்தாள். டவுன்காரி அஸ்ராவின் சீட்டு மட்டும் ஒருநாளும் மாறியதில்லை. அவளுக்கு வீட்டு நம்பரோடு விலாசம். தோட்டத்தில் யாரும் தாங்கள் இருக்கும் லயத்து வரிசைவீட்டின் நம்பரை எழுதுவதில்லை. எந்த வீட்டுக் கடிதமும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். தோட்டத்தின் பெயர், மாத்தளை. அவளுக்கும் கிறிஷாந்துக்கும் அவ்வளவுதான் விலாசம்.

ஊரில் இல்லாத ஒரு மரிய கொறற்றியை அதே விலாசத்தில் பதிந்தாள். கிறிஷாந்தின் பெயர் போய், மரிய கொறற்றி வந்து உட்கார்ந்தாள். இந்த முறை விலாசத்தையும் மாற்றி இன்னொரு பெயரைப் போட்டாள். அதற்கு வேறு சீட்டு கிடைத்தது. மரிய கொறற்றி அசையவில்லை. ஒரு விலாசத்தில் ஓர் ஆள்தான் இருப்பார் என்று நினைத்து வெப்சைட்டைக் கட்டிவிட்டார்கள்.

மிஸ் தானே ஒரு முறை செய்து பார்த்தார். "கண்டிக்கு ஒங்க பேரத்தான் குடுக்கப்போறேன்." பக்கத்தில் இருந்த கிறிஷாந்த் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் அவன் பக்கத்தில் வழக்கம்போலப் பை இருந்தது. அதை எடுக்க ஜெனிஸ்டா கை நீட்டினாள்.

"என்னா?" என்றான்.

"நீயும்தானே என்னயப் பத்திக் கோள் சொன்ன?"

"சொன்னேன்தான். ஒரு விலாசத்துக்கு ஒரு சீட்டுதானாமே. நின்னுகிட்டே வா."

பஸ் கிளம்பியது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த தரிப்பில் ஏறிய ஒருவர் பை இருந்த இடத்தில் உட்காரப் போனார்.

கிறிஷாந்த் பையை இறுகப் பிடித்தான். "ஆள் இருக்குங்க."