காலை முதல் சிறுநீர் மட்டும்

லேப் ஜன்னலுக்கு மேலே ஓர் அட்டை தொங்கியது. ‘காலை முதல் சிறுநீர் மட்டும். ஒன்பது மணிக்கு மேல் வாங்கப்படாது.’ பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதைத் தன் கையால் எழுதி மாட்டியவள் லேப் அக்கா. ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். அவளைவிட இருபது வயது மூத்த வாசல் காவலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். காலையில் எழுந்ததும் போகிற சிறுநீர்தான் கெட்டியாக இருக்கும், ஒளிந்திருப்பதெல்லாம் அதில்தான் மாட்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொன்னது பொய்யில்லை. ஆனால் முக்கால் உண்மையை நம்பி மோசம் போனவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

ஒரு நாளைக்கு நூற்றிருபது டப்பாக்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து, அவள் கழுத்து நிமிரவே மறந்திருந்தது. நின்றுகொண்டே பார்க்கிற வேலை வேறு. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் காலில் நரம்புகள் புடைத்துக்கொள்ளும். செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்தால்தான் உயிர் திரும்பும். மறுநாள் காலையில் எழுந்தால் கால் ஒன்றும் தெரியாத மாதிரி சாதுவாக இருக்கும்.

நாலு மாதமாக ஓர் அம்மா தன் பன்னிரண்டு வயதுப் பெண்ணோடு அலைந்துகொண்டிருந்தாள். நெட்டுநெட்டென்று வளர்ந்த பெண். பள்ளிக்கூடத்தில் ஒட்டடைக்குச்சி என்று பெயர், வார்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. மகளுக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது என்பாள் அம்மா. வீட்டிலிருந்து அவள் கொண்டுவரும் டப்பா சிவந்திருக்கும். ஆஸ்பத்திரியில் காலையில் பிடிப்பது தெளிந்த தண்ணீர். கல் இல்லை, கிருமி இல்லை, பரம்பரை நோயும் இல்லை. ஸ்கேனும் நாலு முறை எடுத்தாயிற்று.

டாக்டர் சொல்லி அனுப்பியதால், வீட்டு டப்பா ஒன்றை லேப் அக்கா நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். சிறுநீரகத்தின் சல்லடையில் பிதுங்கி வருகிற ரத்த அணுக்கள் கோணல்மாணலாக இருக்கும். இவை முழுசாக, வட்டமாக இருந்தன. அலுப்பில் ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி எழுதினாள்: ‘வெளியிலிருந்து கலந்த ரத்தமா என்று பார்க்கவும்.’

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. பெற்றவளே விரலைக் குத்திக்கொண்டு பிள்ளையின் டப்பாவில் ரத்தம் சொட்டிய கேஸ் ஒன்றை, குழந்தைகள் சிறுநீரக டாக்டர் முன்பு பார்த்திருக்கிறார். அபூர்வம்தான், ஆனால் நடக்காததில்லை. பெண்ணை வார்டில் சேர்த்தார். அம்மா உள்ளே வரக்கூடாது, பெண் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது, நர்ஸ்தான் எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு. மூன்று நாள், மூன்று டப்பா. ஒன்றில்கூட ரத்தம் இல்லை. இன்று நாலு மணிக்குக் குழந்தைகள் நல அதிகாரி வருகிறார். பெண்ணை அம்மாவிடமிருந்து பிரித்துக் காப்பகத்துக்கு அனுப்பக் கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் பாக்கி.

அந்த அம்மா லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய லேப் அக்கா பார்க்காத மாதிரி கடக்கப் பார்த்தாள், நடக்கவில்லை.

“அக்கா, இன்னிக்கும் சுத்தமாத்தான் வந்துச்சா?”

“ஆமாம்மா.”

“சந்தோஷப்படறதா அழறதான்னே தெரியல.” அவள் குரலில் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. “ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பா, ஒன்னும் வராது. ஸ்கூல்ல ஓடியாடிட்டு வர்ற அன்னிக்குத்தான் செவப்பா போகும்.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். நல்லா கதை சொல்றீங்கன்னாரு.”

லேப் அக்கா தலையாட்டிவிட்டு நாலு எட்டு நடந்தாள். கால் அப்போதே கனக்கத் தொடங்கியிருந்தது. படுத்தால் வடிகிறது, நின்றால் புடைக்கிறது. அங்கேயே நின்றுவிட்டாள். ஒன்பது மணிக்குள் வாங்கியதெல்லாம் படுக்கையிலிருந்து எழுந்த கையோடு பிடித்தது. இந்த மூன்று நாளும் பெண்ணைப் படுக்கவே வைத்திருக்கிறோம். சாப்பாட்டை விட்டுவிட்டு டாக்டர் அறைப் பக்கம் திரும்பினாள்.

டாக்டர் அறையில் கோப்புகள் தலைக்கு மேல் குவிந்து கிடந்தன. அவர் இன்னும் சாப்பிடவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“அக்கா, வெளிய நாப்பது பேர் உக்காந்திருக்காங்க.”

“அந்த வரி நான் எழுதினது சார். அவசரப்பட்டுட்டேன்னு தோணுது.”

“மூணு நாளா சுத்தமா இருக்கே?”

“மூணு நாளா படுக்க வெச்சிருக்கோமே சார். ஒரு தடவை நடக்க விட்டுப் பார்க்கலாம்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். களைத்தவர்களுக்குக் கையில் கிடைத்த முதல் பதிலே பெரிய ஆறுதல்.

“ஒரே தடவை. சிஸ்டர் கூடவே இருக்கணும். அம்மா பக்கத்துல வரக்கூடாது.”

பெண்ணை நாலு மாடியும் ஏறி இறங்கச் சொன்னார்கள், ஆறு முறை. பின்னால் மூச்சு வாங்க ஓடிய நர்ஸ், “ஏ ஒட்டடைக்குச்சி, மெதுவா போடி. எனக்கு அம்பது வயசாகுது, என்னையும் அட்மிட் பண்ண வெச்சிடாத,” என்றாள். மூன்று நாளில் முதல் தடவையாக அந்தப் பெண் சிரித்தது. பிறகு நர்ஸ் கழிப்பறைக்குள்ளும் கூடவே போய், கண்ணெதிரே பிடித்து, தானே மூடித் தானே கொண்டுவந்தாள்.

மணி இரண்டே முக்கால். அட்டைக்கு அடியில், நேரம் தவறி வந்த டப்பாவை லேப் அக்கா கை நீட்டி வாங்கினாள். பால் விடாத தேநீரின் நிறம். நுண்ணோக்கியில் அதே வட்டமான, முழுசான அணுக்கள். அவள் அன்று பார்த்தது சரி. சொன்ன காரணம்தான் தப்பு.

ஐந்தாவது ஸ்கேனைப் பெண்ணை நிற்கவைத்து எடுத்தார்கள். இடது சிறுநீரகத்திலிருந்து வருகிற ரத்தக் குழாய், இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவில் சிக்கி நசுங்கியது. படுத்தால் விலகியது. நசுங்கும்போது தேங்கிய ரத்தம் சல்லடை வழியாக வராமல் நேரே சிறுநீரில் கசிந்ததால்தான் அணுக்கள் வட்டமாக இருந்தன. ஒரே வருஷத்தில் ஒரு சாண் வளர்ந்த உடம்பு, நடுவில் மெத்தை மாதிரி இருக்கவேண்டிய கொழுப்பைக் கரைத்துவிட்டிருந்தது. சதை பிடித்தால் பெரும்பாலும் தானே சரியாகும் என்றார் டாக்டர். அதிகாரிக்கு, வரவேண்டாம் என்று அவரே போன் செய்தார்.

நாலு மணிக்கு லேப் அக்கா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

“வெளியிலேர்ந்து கலந்திருக்கும்னு எழுதினது நான்தாம்மா. மன்னிச்சிடுங்க.”

அந்த அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மா மடியில் கைகளை விரித்தாள்.

“மூணாவது நாளும் சுத்தம்னு சொன்னாங்கல்ல அக்கா. இன்னிக்கு முகம் கழுவப் போனப்போ, என் விரலை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கே தெரியாம எங்கயாவது குத்திக்கிட்டேனோன்னு.”

கைகள் அவள் மடியில் விரிந்து கிடந்தன. இனி அவற்றைப் பார்க்க எந்த அவசியமும் இல்லை. பார்க்கக் கூடாது என்றுதான் லேப் அக்கா நினைத்தாள். இருந்தும் அவள் கண் ஒவ்வொரு விரல் நுனியாகப் போய் வந்தது. அந்த அம்மா கையை மூடிக்கொள்ளவில்லை, பார்த்து முடிக்கும்வரை விரித்தபடியே வைத்திருந்தாள்.